17 இஞ்ச் அலாய் போட்டதுல இருந்து பர்லியார் ஏத்தத்துல வண்டி திணறுது, யாராச்சும் சொல்லுங்க

அரவங்காட்டான்

வணக்கம் மக்களே. வண்டி ஸ்விஃப்ட் பெட்ரோல் 2019 மாடல், கம்பெனில இருந்து வந்தது 165/80 ஆர்14, ஸ்டீல் ரிம்மு மேல பிளாஸ்டிக் கேப்பு. மச்சான் கல்யாணம் வருதுன்னு ஆசைப்பட்டு கீழ கோயமுத்தூர் போயி 17 இஞ்ச் அலாயும் 205/50 டயரும் மாட்டிட்டேன். கடைக்காரர் "அப்படியே உக்காரும் சார், ஒண்ணும் மாத்த வேண்டாம்"னு சொன்னாரு, நானும் நம்பி 60 ஆயிரத்துக்கு மேல குடுத்துட்டு வந்தேன். பாக்க செம்மையா இருக்கு, அதுல குறை சொல்ல முடியாது.

ஆனா அன்னிக்கு மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் மலை ரோட்டுல மேல வரும்போதே ஆரம்பிச்சுது. முன்னாடி கல்லாறு தாண்டி ரெண்டாவது கியர்லயே ஹேர்பின் திரும்பி அப்படியே இழுத்துட்டு வந்துருவேன், இப்ப வளைவுல திரும்பி ஆக்சிலேட்டர் மிதிச்சா வண்டி யோசிக்குது, ஃபர்ஸ்ட் போட்டாதான் நகருது. அது போக கீழ காரமடை ரோட்டுல 80 தாண்டினா ஸ்டீரிங் கையில கிர்ருனு அதிருது. நாலு பேரு ஏறினா இடது வளைவுல பின்னாடி கரகரன்னு ஒரு சத்தம். மைலேஜும் 17 குடுத்துட்டு இருந்தது 14.5 தான் வருது. வீட்டுல "கல்யாணத்துக்கு வண்டிக்கு நகை போட்டியா"ன்னு கேக்குறாங்க. என்ன பண்ணலாம்?

கேத்திகேரட்

நகை :))) அண்ணே போட்டோ போடுங்க மொதல்ல

ஸ்டெப்னிசித்தப்பா

தம்பி மூணு பிரச்சனையும் ஒண்ணு இல்ல, தனித்தனி. அதிர்வு வேற, சத்தம் வேற, இழுவை வேற. எல்லாத்தையும் 17 இஞ்ச் தலையில கட்டிராதீங்க.

மொதல்ல அதிர்வு. மாருதி சின்ன வண்டிகளோட ஹப்பு, அதாவது வீல் மாட்டுற எடம், நடுவுல துருத்திட்டு இருக்கும் பாருங்க, அது 54.1 மில்லி. வெளிய விக்கிற அலாய் பாதிக்கு மேல நடு ஓட்டை 73.1 மில்லி, எல்லா வண்டிக்கும் போகட்டும்னு பெருசா போட்டு விக்கிறாங்க. நடுவுல இருக்குற இடைவெளிக்கு ஒரு பிளாஸ்டிக்கோ அலுமினியமோ சென்டர் ரிங் போடணும். அது இல்லைன்னா வீல் நட்டுல மட்டும் தொங்கும், மயிரிழை தள்ளி உக்காந்தா போதும், பேலன்சிங் மிஷின்ல ஜீரோ காட்டும், ரோட்டுல 80ல ஆடும். ஒரு வீல கழட்டி பின்பக்கம் பாருங்க, ரிங் இருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

நட்டையும் பாருங்க. மாருதிக்கு 12க்கு 1.25 திரிப்பு, அதாவது 12 மில்லி தடிமன், திரெட்டுக்கு திரெட்டு 1.25 மில்லி. வேற கம்பெனி நட்டு 12க்கு 1.5 இருக்கும், ரெண்டு சுத்து ஏறி இறுகிட்ட மாதிரியே இருக்கும். அது ஆபத்து.

டர்போதம்பி

எதுக்கு இவ்ளோ பயம் காட்டுறீங்க? நான் 16 இஞ்ச் போட்டு மூணு வருஷமா கோத்தகிரி ரோட்டுல ஓட்டுறேன், சும்மா தண்டவாளத்துல போற மாதிரி வளைவுல ஒட்டிட்டு போகுது. எஃப்1 லயே 2022ல 13 இஞ்ச்ல இருந்து 18க்கு மாறிட்டாங்க, அவங்களுக்கு தெரியாததா நமக்கு தெரியும். பெரிய வீல்னா பெர்ஃபார்மன்ஸ் கூடத்தான் செய்யும்.

பைக்காராமழை

தம்பி, எஃப்1ல 18க்கு மாறினப்ப வீல் எடை கூடத்தான் செஞ்சுது, அவங்க சுத்துறது சாலையா இல்ல ட்ராக். நம்மூருக்கு கிட்டத்துல வர்ற உதாரணம் வேணும்னா ராலிய பாருங்க. உலக ராலில தார் ரோட்டுக்கு 18 இஞ்ச், மண்ணு கல்லு ரோட்டுக்கு 15 இஞ்ச். அதே வண்டி, அதே டிரைவர். கல்லு இருந்தா டயரோட பக்கச்சுவர் உசரமா வேணும், அவ்வளவுதான். மழை முடிஞ்சு பர்லியார் பக்கம் மண்ணு சரிஞ்ச எடத்துல ஓட்டிப் பாருங்க, நம்ம ரோடு எந்த வகைன்னு தெரியும்.

உங்க வண்டி டர்போவா? அதையும் சொல்லுங்க, ஏன்னா இந்த இழைல அதுதான் பாதி விஷயம்.

டர்போதம்பி

ஆமா டர்போ தான். பேர பாத்தா தெரியல?

கணக்குவாத்தி643

இப்ப கணக்கு. யாரும் அடிக்க வராதீங்க.

டயர்ல 165/80 ஆர்14னு இருந்தா 165 அகலம் மில்லில, 80ங்கிறது அந்த அகலத்துல எத்தனை சதவீதம் பக்கச்சுவர் உசரம், 14 ரிம் இஞ்ச்ல. 165ல 80 சதம் 132. மேல கீழ ரெண்டு தடவை 264. ரிம் 14 இஞ்ச் 355.6. கூட்டினா 619.6 மில்லி மொத்த விட்டம். இப்ப 205/50 ஆர்17: 102.5 ரெண்டு தடவை 205, ரிம் 431.8, ஆக 636.8. கிட்டத்தட்ட 17 மில்லி பெருசு, 2.8 சதம்.

அதாவது கடைக்காரர் ரிம் பெருசாக்கினது தப்பில்ல, டயர தப்பா குடுத்திருக்காரு. 17க்கே போகணும்னா 205/45 குடுத்திருக்கணும், அது 616 தான் வரும், ஒரிஜினலுக்கு பக்கம். கையில 50 ஸ்டாக் இருந்திருக்கும், தள்ளிவிட்டுட்டாரு.

2.8 சதம் பெருசுன்னா எல்லா கியரும் அவ்வளவு உசந்துருச்சுன்னு அர்த்தம். உங்க எஞ்சினோட முறுக்கு விசை 113 என்எம் (நியூட்டன் மீட்டர்), ரோட்டுக்கு வந்து சேர்றது 110 என்எம் எஞ்சின் மாதிரி. மைலேஜ்லயும் ஒரு ஏமாத்து இருக்கு, கவனிங்க. நீங்க நெஜமா 100 கிலோமீட்டர் போனா மீட்டர்ல 97.3 தான் ஏறும். அதனால உங்க 14.5 நெஜத்துல 14.9. பாக்கி குறைஞ்சது நெஜமா குறைஞ்சதுதான், டயர் அகலமும் எடையும்.

ஸ்பீடோவும் அப்படியே, 60 காட்டினா 61.7ல போயிட்டு இருப்பீங்க. ஆனா கம்பெனி ஸ்பீடோ எப்பவுமே கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அதனால இப்ப ஒருவேளை கரெக்டா காட்டுதோ என்னவோ, அது ஒண்ணுதான் உங்களுக்கு லாபம்.

அரவங்காட்டான்

சார் 2.8 சதத்துக்கா வண்டி இப்படி திணறுது? நம்ப முடியலயே. சித்தப்பா சொன்ன மாதிரி ஒரு வீல கழட்டினேன். ரிங் இல்ல. நாலுலயும் இல்ல. நட்டு நல்லவேளை சரியான நட்டுதான்.

கணக்குவாத்தி643

2.8 மட்டும் இல்ல. உயரம். ஊட்டி 2240 மீட்டர், குன்னூர் 1850 மீட்டர் கிட்ட. மேல போகப் போக காத்து லேசாகுது, குன்னூர்ல அடர்த்தி கடல்மட்டத்தை விட ஆறுல ஒரு பங்கு கம்மி, ஊட்டில அஞ்சுல ஒரு பங்கு. டர்போ இல்லாத எஞ்சின் உறிஞ்சுற காத்து எவ்வளவோ அவ்வளவுதான் சக்தி. உங்க 113 என்எம் கடல்மட்டத்துல 113, ஊட்டில 90 பக்கம். டர்போதம்பி வண்டில டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளிரும், அதனால அவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவா தெரியாது. அவரு பொய் சொல்லல, அவரு வண்டி வேற.

ஒரிஜினல் டயர் போட்டிருந்தப்பவும் இந்த குறை இருந்துச்சு, ஆனா ரெண்டாவது கியர் மட்டுமட்டா தாங்கிட்டு இருந்திருக்கும். மட்டுமட்டா இருக்குறதுல 3 சதம் எடுத்தா அது தெரியத்தான் செய்யும். ஏற்கனவே விளிம்புல நின்ன ஆள லேசா தள்ளின மாதிரி.

தொட்டபெட்டாகாத்து

எடைய விட்டுட்டீங்களே. ஒரு கிலோ வீல்ல கூடினா பத்து கிலோ வண்டில கூடின மாதிரின்னு எல்லாரும் சொல்வாங்களே?

கணக்குவாத்தி643

பத்தெல்லாம் கதை. வீல் ஓரத்துல இருக்குற எடைய வேகம் எடுக்க வைக்க அதிகபட்சம் ரெண்டு மடங்கு, அதுக்கு மேல போகாது. ஒரு தடவை முன்னாடி தள்ளணும், ஒரு தடவை சுத்த வைக்கணும், அவ்வளவுதான். அதுவும் வேகம் ஏறும்போது மட்டும். ஒரே வேகத்துல ஏறிட்டு இருந்தா சுத்துற எடைன்னு தனியா ஒண்ணும் இல்ல.

ஆனா மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் 14 ஹேர்பின். 14 தடவை கிட்டத்தட்ட நின்னு மறுபடி வேகம் எடுக்குறீங்க. முன்னாடி பஸ்ஸு இருந்தா இன்னும் நாப்பது தடவை. நேர் ரோட்டுல தெரியாத எடை இங்க தெரியும். எவ்வளவு எடை கூடியிருக்குன்னு யாராச்சும் நிறுத்துப் பாத்தாதான் பேச முடியும்.

அரவங்காட்டான்

நிறுத்துட்டேன். எங்க மாமா ஊர்ல பச்சத் தேயிலை எடை போடுற எடத்துல. சாயங்காலம் இலை மூட்டையெல்லாம் லாரி ஏறினப்புறம் கெஞ்சி வாங்கினேன், கொக்கில ஒரு கயிறு கட்டி வீல தொங்கவிட்டோம். பழைய ஸ்டீல் ரிம், தேய்ஞ்ச டயரோட 14.1 கிலோ. புது அலாய் டயரோட 19.8. நான் அலாய்னா லேசா இருக்கும்னு நெனச்சுட்டு இருந்தேன் சாமி. தராசு பிடிச்ச அக்கா "இதுக்கு கிலோ என்ன விலை"ன்னு கேட்டுச்சு.

ஸ்டெப்னிசித்தப்பா

அலாய்னா லேசுங்கிறது ஒரே சைஸ்ல நல்ல அலாயையும் ஸ்டீலையும் வெச்சு பேசற பேச்சு. சைஸ் மூணு இஞ்ச் ஏத்தி, வெல கம்மியான வார்ப்பு அலாய போட்டா எங்க லேசா இருக்கும். 5.7 நாலு வீலுக்கு 22.8. அது பின்சீட்டுல ஒரு சின்னப் பையன் உக்காந்த மாதிரி, அதுவும் அந்தப் பையன் ஸ்பிரிங்குக்கு கீழ தொங்கிட்டு இருக்கான். குழில விழுந்தா டப்புனு கேக்குறதுக்கு காரணம் அதுதான், சுவர் உசரம் கம்மியானது பாதி, எடை பாதி.

கரகர சத்தத்துக்கு வருவோம். வீல்ல உள்பக்கம் ஈடின்னு ஒரு நம்பர் அச்சடிச்சிருக்கும், ரிம் அகலம் 7ஜே 6ஜேன்னு இருக்கும். பழையதுலயும் புதுசுலயும் பாத்து சொல்லுங்க.

அரவங்காட்டான்

பழச விட புதுசு ஒன்றரை இஞ்ச் அகலம் கூட. ஈடி 10 கம்மி.

ஸ்டெப்னிசித்தப்பா

அதேதான். ஈடிங்கிறது வீலோட நடுக்கோட்டுல இருந்து ஹப்புல உக்கார்ற முகம் எத்தனை மில்லி வெளிய இருக்குங்கிறது. நம்பர் குறைஞ்சா வீல் வெளிய தள்ளும். ஒன்றரை இஞ்ச் 38 மில்லி, ரெண்டு பக்கமும் 19 19 பிரியுது. வெளிய 19ம் 10ம் 29 மில்லி போயிருக்கு, உள்ள 9 மில்லி போயிருக்கு. 29 மில்லின்னா உங்க கட்டைவிரல் அகலத்துக்கு மேல. பின்னாடி லோடு ஏறி ஸ்பிரிங் அமுங்கினா மட்கார்டு மடிப்புல டயர் உரசாம என்ன பண்ணும். டயரோட தோள்ல ஒரு பளபளன்னு கோடு இருக்கும் பாருங்க.

இதுல சத்தம் மட்டும் பிரச்சனை இல்ல தம்பி. வீல் வெளிய போனா பேரிங்குக்கு நெம்புகோல் நீளமாகுது. ஸ்டீரிங்கும் முன்னாடி வீலும் சேர்ற கணக்கு கம்பெனிக்காரன் ஒரு அளவுல போட்டிருப்பான், அது கெட்டுப்போயி ஒரு பக்கம் குழில எறங்கினா ஸ்டீரிங்க கையில இருந்து புடுங்கும். கொண்டை ஊசில ஒரு கையில வளைச்சுட்டு இன்னொரு கையில ஹாரன் அடிக்கிற நம்மாளுங்களுக்கு இது தேவையா.

மட்கார்ட தட்டி மடிச்சு விட்றேன்னு சொல்லுவாங்க. வேண்டாம். பெயின்ட் வெடிச்சு நம்ம ஊர் ஈரத்துக்கு ஆறு மாசத்துல துரு.

மசினகுடிமச்சான்

ஏறுறத பத்தியே பேசறீங்க, எறங்குறத யாரும் பேசல. டயர் பெருசானா ப்ரேக்கும் அதே 2.8 சதம் வீக். கியர் உசந்ததால எஞ்சின் புடிக்கிறதும் கம்மி. எடையும் கூட. தனித்தனியா பாத்தா எல்லாம் சின்னது, ஆனா எறக்கத்துல எல்லாம் ஒரே பக்கம் சேரும். ஊட்டில இருந்து மசினகுடி எறங்குற எங்க கல்லட்டி ரோட்டுல 36 வளைவு, வெளியூர் வண்டிய எறங்க விடறதில்ல, ப்ரேக் காஞ்சு நடந்த விபத்து அத்தன. ஏறின கியர்லயே எறங்குங்க, மேல ஃபர்ஸ்ட்ல ஏற வேண்டியதா போச்சுன்னா எறக்கத்துலயும் ஃபர்ஸ்ட்தான். ரெண்டாவதுல விட்டுட்டு ப்ரேக்க தேய்ச்சா பர்லியார் டீக்கடைல நிறுத்தும்போது வாசனை வரும், அது அங்க விக்கிற பலாப்பழ வாசனை இல்ல, ப்ரேக் காயுற வாசனை.

டர்போதம்பி

சரி ஒத்துக்கறேன், ஆனா பெரிய ரிம்முல நல்லதே இல்லைங்கிற மாதிரி பேசாதீங்க. பக்கச்சுவர் குட்டையா இருந்தா வளைவுல டயர் மடங்காது, ஸ்டீரிங் திருப்பின உடனே வண்டி திரும்புது. பழைய டயர்ல திருப்பினா ஒரு நொடி கழிச்சுதான் திரும்புற மாதிரி இருக்கும், தொளதொளன்னு. அது நெஜமான வித்தியாசம்.

பைக்காராமழை

அதுல உங்க பக்கம் நியாயம் இருக்கு. நானே ஒரு இஞ்ச் ஏத்தித்தான் ஓட்டுறேன். ஆனா அந்த சொகம் 50, 60ல வளைவு எடுக்குறப்ப. நடுவட்டம் மஞ்சுல 20ல போறப்ப சுவர் மடங்கினா என்ன மடங்காட்டி என்ன. அங்க வேண்டியது நல்ல ரப்பர், டயர்ல ஆழமான பள்ளம். டயர்ல நாலு நம்பர் இருக்கும், 2319னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பாதி பேரு அகலத்த பாத்து வாங்குறாங்க, தேதிய பாக்குறதில்ல. கடைல கெடந்து கல்லா போன அகல டயர விட புது ஒல்லி டயர் ஈரத்துல நல்லா புடிக்கும்.

கேத்திகேரட்

காத்து எவ்ளோ அடிக்கணும்? மேட்டுப்பாளையத்துல வெயில்ல 33 அடிச்சா மேல வந்தா குளிர்ல 4, 5 குறைஞ்சிரும் அதனால கூட்டி அடிக்கணும்னு பங்ச்சர் கடை அண்ணன் சொல்றாரு

கணக்குவாத்தி643

பாதி சரி. குளிருக்கு குறையும், 25 டிகிரி எறங்கினா 4 பிஎஸ்ஐ கிட்ட போகும். ஆனா கேஜ் காட்டுறது உள் அழுத்தத்துக்கும் வெளி அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். மேல வெளி அழுத்தம் கம்மி, ஊட்டில அதனால கிட்டத்தட்ட 3 கூடுதலா காட்டும். ரெண்டும் கழிஞ்சு ஒண்ணுதான் குறையும். கம்பெனி ஸ்டிக்கர்ல என்ன இருக்கோ அதையே டயர் ஆறினப்புறம் அடிங்க. சைஸ் மாத்தினா மட்டும் புது டயரோட லோடு நம்பர பாத்து அடிக்கணும்.

அரவங்காட்டான்

எல்லாருக்கும் நன்றி. ஒரு முடிவுக்கு வந்துட்டேன், 17 வேண்டாம். இப்ப ரெண்டு வழி, பழைய 14க்கே போறதா இல்ல ஸ்விஃப்ட் மேல் மாடல்ல கம்பெனியே போட்டு வர்ற 185/65 ஆர்15க்கு போறதா. கணக்கு வாத்தியாரே?

கணக்குவாத்தி643

185/65 ஆர்15: 120.25 ரெண்டு தடவை 240.5, ரிம் 381, ஆக 621.5. ஒரிஜினலோட 2 மில்லிகூட வித்தியாசம் இல்ல. உங்க 14 இஞ்ச் ஸ்டெப்னியும் கூட சேந்து ஓடும். இப்ப 17க்கு ஸ்டெப்னி மாட்டியிருந்தா ஒரு பக்கம் 637 ஒரு பக்கம் 620, முன்னாடி வீலா இருந்தா கியர்பாக்ஸ் பாவம்.

ஸ்டெப்னிசித்தப்பா

கம்பெனி 15 இஞ்ச் அலாய் செகண்ட்ஸ்ல கெடைச்சா அத வாங்குங்க. நடு ஓட்டை 54.1 கம்பெனியே போட்டது, ரிங் தொல்லை இல்ல, ஈடி பத்தி யோசிக்க வேண்டாம். வாங்கறதுக்கு முன்னாடி பேலன்சிங் மிஷின்ல வெறும் ரிம்ம சுத்தவிட்டு பாருங்க, கோணல் இருந்தா கண்ணுக்கே தெரியும். அலாய் வளைஞ்சத தட்டி நிமித்தினதா இருந்தா வேண்டாம், ஸ்டீல் தட்டினா தாங்கும், அலாய் உள்ள விரிசல் விட்டுரும். மாட்டி 100 கிலோமீட்டர் ஓட்டினப்புறம் நட்ட ஒரு தடவை திரும்ப இறுக்கிப் பாருங்க, ஸ்பேனர் மேல ஏறி மிதிக்காம.

அரவங்காட்டான்

மூணு வாரம் கழிச்சு வர்றேன். 15 இஞ்ச் கம்பெனி அலாய் ஒரு செட்டு கெடைச்சுது, ஒண்ணு கோணல், திருப்பிக் குடுத்து வேற வாங்கினேன். புது டயர். தேயிலைத் தராசுக்கு மறுபடி போனேன், அக்கா இந்த தடவ சீட்டு எழுதிக் குடுத்துச்சு: 15.9.

இன்னொண்ணும் பண்ணிப் பாத்தேன், யாராச்சும் செய்யணும்னா செய்யலாம். டயர்ல தரைல தொடற எடத்துல சாக்பீஸ்ல கோடு, தரைலயும் கோடு, வண்டிய மெதுவா தள்ளி கோடு ஒரு சுத்து சுத்தி தரைக்கு வந்ததும் அங்க ஒரு கோடு. 17ல இருந்தப்ப ஒரு தடவ அளந்து வெச்சிருந்தேன், இப்பவும் அளந்தேன். கணக்குல வர்றத விட ரெண்டுமே கொஞ்சம் கம்மி, வண்டி எடைல டயர் அமுங்குதுல்ல, ஆனா ரெண்டுக்கும் நடுவுல நாலரை சென்டிமீட்டர் வித்தியாசம். ஒவ்வொரு சுத்துக்கும் நாலரை சென்டிமீட்டர். அத தரைல சாக்பீஸ்ல பாத்தப்பதான் வாத்தியார் சொன்னது மண்டைல ஏறுச்சு.

நேத்து நாலு பேரோட மேல வந்தேன். 80ல அதிர்வு இல்ல. சத்தம் இல்ல. ஹேர்பின்ல ரெண்டாவது கியர் இழுக்குது, ஒரே ஒரு வளைவுல மட்டும் முன்னாடி லாரி நின்னதால ஃபர்ஸ்ட். 14 இஞ்ச்ல இருந்த அளவுக்கு சுறுசுறுப்பு இருக்கான்னு கேட்டா கொஞ்சம் கம்மின்னு தோணுது, அது வண்டியா என் மனசான்னு சொல்ல முடியல. போட்டோல மட்டும் 17 அளவுக்கு இல்ல, வீட்டுல இதுதான் நல்லா இருக்குன்னு சொல்றாங்க.

டர்போதம்பி

அண்ணா அந்த 17 செட்ட விக்கிறீங்களா? பிசிடி (நட்டு ஓட்டை எண்ணிக்கையும் அந்த வட்டத்தோட விட்டமும்) 4க்கு 100 மில்லி தான? பிரெண்டு ஒருத்தன் கீழ கோயமுத்தூர்லயேதான் ஓட்டுறான், மேல வரமாட்டான்.

அரவங்காட்டான்

4க்கு 100 தான். சனிக்கிழமை வரச்சொல்லு, டயர் வேண்டாம் ரிம் மட்டும் எடுத்துட்டு 205/45 போட்டுக்கச் சொல்லு, மட்கார்டயும் அளந்துட்டு வரச்சொல்லு. சென்டர் ரிங் நாலு புதுசா வாங்கி வெச்சிருக்கேன், அதுக்கு காசு தனி.